மணவறையில் லேத்

உங்கள் மேசை ஃபேன் கடகடக்கிறது மேடம். பின்மூடியில் மூன்று திருகு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறது. என் கைப்பையைத் திருப்பித் தந்தால் அதில் ஒன்று தேடி மாட்டித் தருகிறேன். அவசரமில்லை.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான் என்பதால் ரேஷன் கார்டு மனுவிலிருந்து சாவு சொல்லும் துஷ்டிக் கடிதம் வரை என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். பெரியப்பா ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் ஒரே ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். 'கோபத்தில் செய்தாள்' என்று போட்டிருக்கிறார். கோபத்தில் இருப்பவர்களால் மரை வெட்ட முடியாது. அது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது தெரியாமல் இந்தக் குற்றம் புரியாது.

என் பெயர் பானுப்ரியா. மெக்கானிக்கல், முதல் வகுப்பு. பெரியப்பா மகாராஜன் தூத்துக்குடியில் பைப், இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். என் அப்பா அய்யாக்குட்டி அந்தக் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிறவர். சொந்தத் தம்பிதான், ஆனாலும் நிறுத்துப் போடுகிறவர். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் டிரெய்னியாக இருந்து, பிறர் செய்த வேலைக்கு போட்டோ எடுத்து அனுப்பிச் சேர்த்த சம்பளத்தில் ஒரு சின்ன சி.என்.சி. லேத் வாங்கினேன். கம்ப்யூட்டரில் எண்களை அடித்தால் அதுவே இரும்பைக் கடையும். பெரிய தொழிற்சாலைகளில் இருக்கும் அறை அளவு மெஷின் இல்லை. பொழுதுபோக்குக்கு வாங்குகிறவர்களின் மெஷின். நாலு ஆண்கள் பிடித்தால் தூக்கிவிடலாம். இந்த விவரம் பிறகு தேவைப்படும்.

கப்பல் வருகிற ஊரில் இருக்கிறோம் என்றாலும் அது சென்னை வழியாக லாரியில்தான் வந்தது. மாப்பிள்ளையூரணியில் பெரியப்பாவின் குடோனில் ஒரு மூலை கொடுத்தார்கள். பக்கத்தில் பி.வி.சி. பைப், எலி, உப்புக்காற்று. மெஷினுக்குத் தினமும் எண்ணெய் தடவுவேன். முகத்துக்கு நான் அவ்வளவு தடவியதில்லை என்று பெரியம்மை முத்துக்கனி சொல்லுவாள்.

இப்போது மரை, அதாவது திருகைச் சுற்றி ஓடுகிற காடி. ஒரு கம்பியில் மரையை ஒரே இழுப்பில் வெட்ட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை அதே பாதையில் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெட்டுகிற டூல் பழைய காடிக்குள்ளேயே நுழைய வேண்டும். இம்மி பிசகினாலும் மரை இடியாப்பம் ஆகிவிடும். சுற்றுகிற கம்பி எந்த இடத்தில் இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரிந்தால்தான் அது நடக்கும். அதற்காகக் கம்பியோடு சுழலும் சக்கரத்தில் மிளகளவு காந்தம் ஒன்றை ஒட்ட வேண்டும். எதிரே ஒரு சென்சார். காந்தம் அதைக் கடக்கிற ஒவ்வொரு சுற்றிலும் மெஷினுக்கு 'இப்போ' என்று ஒரு சைகை போகும். அந்தச் சைகைக்குத்தான் டூல் கிளம்பும்.

இதைச் சரியாக அமைக்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது. பெல்ட் வழுக்கியது. பசை விட்டுப்போய்க் காந்தம் பறந்து பைப் குவியலுக்குள் விழுந்தது. சென்சாருக்கும் காந்தத்துக்கும் இடைவெளி ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டின் கனம் கூடினாலும் சைகை போகாது. போகாவிட்டால் மெஷின் என்ன செய்யும் தெரியுமா? தவறு என்று சொல்லாது. சிவப்பு விளக்கு எரியாது. கம்பி பாட்டுக்குச் சுற்றும். டூல் அப்படியே காத்திருக்கும். ஒரு வாரம் நான் என் எண்களில்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். அழுதேன் என்று கூடச் சொல்லலாம். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

முதல் வாடிக்கையாளர் எஸ்றா அண்ணாச்சி. சங்குக்குளிப் படகு வைத்திருப்பவர். அவருடைய பழைய இன்ஜினில் எந்தக் கடையிலும் கிடைக்காத மரை ஒன்று இருந்தது. வெட்டிக் கொடுத்தேன். திருகிப் பார்த்துவிட்டு, "வெண்ணெய்ல விரல விட்ட மாதிரில்லா போகுது" என்றார். அடுத்த வாரம் கடற்கரையிலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். பெரியப்பா அதைப் பார்த்தார். பார்த்ததும் போர்டு எழுத ஆள் அனுப்பினார்.

'பாலகணேஷ் சி.என்.சி. ஒர்க்ஸ்' என்று எழுதியிருந்தது.

பாலகணேஷ் பெரியப்பாவின் ஒரே மகன். என்னைவிடச் சில மாதம் இளையவன். ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. டிப்ளமோ சேர்ந்தான், முடிக்கவில்லை. கெட்டவன் இல்லை. எதையும் முடிக்காதவன், அவ்வளவுதான்.

"பெரியப்பா, மெஷின் என்னது" என்று கேட்டேன்.

"யாரு இல்லேன்னா? ஆனா பொட்டப்புள்ள பேர்ல போர்டு எழுதுனா, நீ கல்யாணமாயிப் போனதும் போர்ட அழிக்கணும்லா? பெயிண்டருக்கு ரெண்டு வேல. புத்தி இருந்தா யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். பெயிண்டரின் கஷ்டம் எனக்குப் புரிந்தது. அப்போதும் கோபப்படவில்லை.

பிறகு ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் ஐஸ்வர்யா மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். மாப்பிள்ளை இன்ஜினியர், சொந்தமாகக் கம்ப்யூட்டர் லேத் வைத்து ஓட்டுகிறார் என்று சொல்லியிருந்தார்கள். பெண் வீட்டார் பார்க்க வந்த அன்று, என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாலகணேஷ் மெஷின் பக்கத்தில் நின்றான். நான் அவர்களுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மாமா என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளையும் இங்கதான் வேல பாக்கா?" என்று கேட்டார். "கூடமாட ஒத்தாசைக்கு" என்றார் பெரியப்பா. அப்பா அந்த நேரம் பார்த்துக் குனிந்து தரையில் ஒரு ஆணியைத் தேடினார். ஆணி எதுவும் விழவில்லை.

கல்யாணப் பத்திரிகையில் பாலகணேஷ் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று அச்சடித்திருந்தார்கள். அச்சுப்பிழை என்று பெரியம்மை சொன்னாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பிழை என்றால் திருத்த வேண்டும். இரண்டு வழிதான் உண்டு: பத்திரிகையைத் திருத்தலாம், அல்லது மாப்பிள்ளையை. பத்திரிகை எல்லோர் வீட்டுக்கும் போய்விட்டது.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி முறை உள்ளவள் காப்புக் கட்டுவாள். மஞ்சள் தடவிய நூல். கட்டிவிட்டால் தாலி ஏறுகிறவரைக்கும் அதை அறுக்கக் கூடாது. அறுக்கிறது என்ற சொல்லே அன்று வீட்டில் எழக் கூடாது. பெரியம்மை அன்று காய் நறுக்குவதைக்கூட 'திருத்துகிறேன்' என்றுதான் சொன்னாள். பாலகணேஷுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. அதனால் நான்தான் கட்ட வேண்டும். மணவறையில் நாத்தனார் முடிச்சும் நானே. பெயர் போடத்தான் நான் ஆகமாட்டேன்; முடிச்சுப் போட ஆவேன்.

பெரியம்மையிடம் ஒரு யோசனை சொன்னேன். நூலோடு சேர்த்து எவர்சில்வரில் ஒரு காப்பு நானே கடைந்து போடுகிறேன், குடோனில் வைத்து, சோறு போடுகிற மெஷின் முன்னால் போடலாம் என்று. பெரியம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏளா, ஒனக்கு மனசுல ஒண்ணுமில்லலா?" என்று என் தாடையைத் தொட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

காப்பின் பூட்டை நானே வடிவமைத்தேன். உள்ளே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமென்றால் அதன் துளைக்குள் சரியான மரை உள்ள ஆணி ஒன்றைத் திருகி இழுக்க வேண்டும். அந்த மரை உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லாத அளவு. காப்பின் மறுபக்கம் விரல் பருமனில் கொக்கி ஒன்று. லேத்தின் இரும்புக் காலில் நான் போட்டிருந்த துளையில் அது போய் உட்கார்ந்து அதுவும் பூட்டிக்கொள்ளும். கை சுழலுகிற பாகத்துக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் அலட்சியம் காட்டுவதில்லை. உள்பக்கம் பஞ்சுத்துணி கூட ஒட்டியிருந்தேன், தோல் உரசக் கூடாது என்று.

கல்யாணத்தன்று காலை தேங்காய் உடைத்து, மெஷினுக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்தோம். நாகஸ்வரக்காரர் வாசலில் வாசித்தார். "ஏலே, கைய மெஷின் கால்ல வச்சிக்க, ஆசீர்வாதம்" என்றேன். அவனே நீட்டினான் மேடம். யாரும் பிடித்து இழுக்கவில்லை. மஞ்சள் நூலைக் கட்டினேன், காப்பை மூடினேன். டக், டக் என்று இரண்டு சத்தம். குலவை போட்டார்கள்.

பாலகணேஷ் கையை எடுக்கப் பார்த்தான்.

"ஏளா, எடு. நேரமாவுது."

"எடுக்க வராது. ஆணி வேணும்."

"எங்க இருக்கு?"

"இன்னும் வெட்டல. பித்தளை ராடு மாட்டி வச்சிருக்கேன். ஒன் மெஷின்தானல. வெட்டிக் கழத்திக்க."

அவன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நாள் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

விஷயம் புரிந்ததும் பெரியப்பா, "கட்டிங் மெஷின எடுத்துட்டு வால, அற்புதமணி!" என்று கத்தினார். அற்புதமணி கடையின் பிளம்பர். அவன் கொண்டுவந்து பிளக்கில் செருகியதும் பெரியம்மை ஓடிவந்து மகன் கையின்மேல் விழுந்துவிட்டாள்.

"காப்புக் கட்டுன கையில அறுக்கிற சாமான வச்சீயன்னா நான் இப்பமே போயி கடல்ல விழுந்துருவேன். எம்புள்ள தாலிய... வாயில வருது பாரு... எடுல அத!"

அற்புதமணி பிளக்கைப் பிடுங்கிவிட்டான். இதை நான் எதிர்பார்த்திருந்தேன். வழக்கங்களை மதிக்கிற குடும்பம் எங்களுடையது.

பெரியப்பா என்னைப் பார்த்து, "மரை கழண்டவளே" என்றார். அப்பா மட்டும் கிட்டே வந்து மெதுவாக, "எம்மா, நீ வெட்டிக் குடுத்துரு" என்றார்.

"போர்டுல பேரு இருக்கவன் வெட்டட்டும்ப்பா."

அப்பா போர்டைப் பார்த்தார். பிறகு குனிந்தார். இந்தத் தடவை ஆணி ஏதாவது கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

பெரியப்பாவைக் குறைசொல்ல மாட்டேன். வியாபாரி, சட்டென்று வழி கண்டுபிடிப்பார். நாலு பேர் லேத்தைத் தூக்கிக் குட்டியானையில் ஏற்றினார்கள். பட்டுவேட்டி கட்டிய பாலகணேஷ் வண்டியின் பின்பக்கம் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். மெஷினுக்கும் மாலை, அவனுக்கும் மாலை. வழியில் பார்த்தவர்கள் இரண்டுக்கும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மண்டபத்தில் பெரியப்பா மைக்கைப் பிடித்து, "எம்மவன் தொழில தெய்வமா நெனைக்கிறவன். தொழில் சாட்சியா தாலி கட்டணும்னு வேண்டுதல்" என்றார். மேடம், மண்டபமே கை தட்டியது. என் லேத் மணவறையில் குத்துவிளக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குக் கிடைத்த கைதட்டும் அவனுக்கே போனது. ஒருவர் வந்து மெஷின் மேல் மொய்க்கவர் வைத்துவிட்டுப் போனார்.

அப்போது ஐஸ்வர்யா தலையைத் தூக்கி அவன் கையைப் பார்த்தாள். மஞ்சள் துணி போட்டு மறைத்திருந்தார்கள். துணியை விலக்கினாள்.

"இது என்ன, பூட்டியிருக்கு?"

"சும்மா... காப்பு" என்றான்.

"ஒத்தக் கையில எப்படித் தாலி கட்டுவீய?"

அவன் துணியை இழுத்து மறுபடி மூடினான். அவளுடைய மாமா ஒருவர் வந்து விசாரித்தார். பெரியம்மை அறுக்கக் கூடாத கதையைச் சொன்னாள். மாமா நியாயஸ்தர். "அறுக்கத்தான கூடாது? தெறக்கலாம்லா. மாப்பிள்ள தொழில்தான. ஒரு ஆணிதான. வெட்டித் தெறந்துட்டுக் கட்டட்டும், நாங்களும் பாத்த மாதிரி இருக்கும்" என்றார்.

ஐஸ்வர்யா ஒன்றுதான் சொன்னாள். "கழத்திட்டு வாங்க. காத்திருக்கேன். ஆனா பொய்ய நான் கட்டிக்கிட மாட்டேன்."

மைக்செட்டுக்காரரிடமிருந்து வயர் இழுத்து மெஷினுக்குக் கரண்ட் கொடுத்தார்கள். முகூர்த்தம் முடிய இன்னும் நேரம் இருந்தது. நான் முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பாலகணேஷுக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது சரியில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு அவன் மதியத்தில் குடோனுக்கு வர ஆரம்பித்தான். போனில் வீடியோ பார்ப்பான். "ஏளா பானு, இந்த ஆழத்த எப்படிக் கணக்குப் போடணும்?" என்று கேட்பான். "அவகிட்டப் பொய் சொல்லிட்டோம்லா, உண்மையாக்கிறணும்" என்று ஒருநாள் சொன்னான். முதலில் வெட்டியது இடியாப்பம். அடுத்ததும் இடியாப்பம். கடைசியாக வெட்டியதில் ஒரு நட்டைப் போட்டேன். கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் ஏறியது. நன்றாக இல்லை என்று அவனிடம் சொன்னேன்.

மணவறையில் அவன் இடது கையால் அடித்தான். கம்பியின் விட்டத்தையும் மரை இடைவெளியையும் மட்டும் நான் சொல்லியிருந்தேன். ஆழத்தைப் போனில் அவனே கணக்குப் போட்டான். டூலைக் கம்பிக்குக் கிட்டே கொண்டுபோய், நடுவில் பத்திரிகைத் தாளை வைத்துத் தொட்டுப் பார்த்தான். வியர்வை திரையில் சொட்டியது, ஐஸ்வர்யா தன் கைக்குட்டையால் துடைத்தாள். பிறகு பொத்தானை அமுக்கினான்.

கம்பி சுற்றியது. மேளக்காரர்கள் தயாரானார்கள். டூல் நகரவில்லை.

நிறுத்தினான், எண்களைப் பார்த்தான், மறுபடி அமுக்கினான். கம்பி சுற்றியது. யாரோ கையை ஆட்டிவிட்டார்கள், கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது. பாதிப்பேர் அட்சதையை எறிந்தார்கள். அது லேத் மேல் விழுந்து, சுற்றுகிற கம்பியில் பட்டுத் தெறித்தது. பெரியப்பா, "வோல்டேஜ் கம்மி, வோல்டேஜ் கம்மி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். தவில்காரர் குனிந்து, "அண்ணாச்சி, இத இன்னும் எம்புட்டு நேரம் கொட்டணும்?" என்று கேட்டார்.

மூன்றாவது தடவையும் நகராதபோது பாலகணேஷ் மைக்கைக் கேட்டு வாங்கினான். ஏதோ மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"இது என் மெஷின் இல்ல" என்றான். "எங்க அக்கா பானுப்ரியா மெஷின். அவதான் இன்ஜினியர். நான் டிப்ளமோவே முடிக்கல. கொஞ்சம் படிச்சேன்... எங்கயோ தப்பு விடுதேன். அக்கா, நீ வா. வந்து வெட்டித் தா."

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பாவும் நிமிர்ந்து பார்த்தார். மைக்கில் என் பெயரை யாரும் அதற்கு முன் சொல்லிக் கேட்டதில்லை. மேடம், நான் எழுந்து போயிருக்கலாம். போனால் கைப்பையைத் திறக்க வேண்டியிருக்கும்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நம்பர ஒழுங்காப் பாருல. தப்பா அடிச்சிருப்ப" என்றேன்.

பார்த்தான். ஒவ்வொரு எண்ணாக, விரல் வைத்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகூர்த்தம் முடிந்தது. ஐஸ்வர்யா கழுத்து மாலையைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். ஓட்டப்பிடாரத்து வேன்கள் கிளம்பியதும் பெரியம்மையே அற்புதமணியைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னாள். ஈரத்துணி சுற்றி அறுத்தார்கள். அவன் கையை எடுக்காமல் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆம், நான்தான் செய்தேன். காப்பும் நான்தான், பூட்டும் நான்தான். ஆனால் தேர்வு நேர்மையாகத்தான் நடந்தது என்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சைகை போகவில்லை என்றால் திரையின் மேல்மூலையில் கம்பி சுற்றும் வேகம் பூஜ்யம் என்று காட்டும். விஷயம் தெரிந்தவனுக்கு அது போதும். பூஜை போட்டபோது அந்த மூலையில் சந்தனம் அப்பியிருந்தது உண்மைதான். அப்பியதும் நான்தான். சந்தனம் வைப்பது சம்பிரதாயம்.

என் கைப்பையின் சின்ன அறையில் ஒரு காந்தம் இருக்கும், மிளகளவு. தொலைத்துவிடாதீர்கள். அதை எப்போது கழற்றினேன் என்று கேட்பீர்கள். அவன் வெட்டிய மரையில் நட்டு ஏறிய அன்று சாயங்காலம்.

மண்டபத்தில் அவன் அடித்த எண்களில் ஒரு தப்பும் இல்லை மேடம். நேற்று வரை குடோனில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம், சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லையாம். நான் போய்ச் சொல்லப்போவதில்லை. அவனே கண்டுபிடிக்கட்டும். எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, அப்படித்தான் நான் நல்ல இன்ஜினியர் ஆனேன்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெயருக்குப் பின்னால் பி.இ. சேர்க்க இடம் விட்டிருக்கிறேன். டைப் அடிக்கும்போது விட்டுவிடாதீர்கள்.